சட்டைப் பையில் ஒருவர்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் முதல் பூசை முடிந்ததும் நான் செய்யும் முதல் வேலை, சட்டைப் பையிலிருக்கும் போனை எடுத்துக் கால்சட்டைப் பைக்கு மாற்றுவது. பேனாவையும் எடுத்துவிடுவேன். பை காலியானதும் சக்கிறீஸ்துக்குள், அதாவது பூசைக்குக் குரு தயாராகும் அறைக்குள், போய் நிற்பேன். ஃபாதர் நற்கருணைப் பேழையைத் திறந்து, "இன்றைக்கு எத்தனை?" என்பார். "ஆறு" என்பேன். மெல்லிய வட்ட அப்பமாகத் தெரியும் ஆறு ஓஸ்திகளை எண்ணிச் சிமிழில் வைத்துத் தருவார்.

சிமிழ் என்றால் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சின்ன வட்டப் பெட்டி. உள்ளே தங்க முலாம், மேலே ஒரு சிலுவை. கீல் கொஞ்சம் தளர்ந்துவிட்டதால் குறுக்கே ஒரு ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன். அதைப் பார்த்து ஒருவர் முகம் சுளித்தார். திறந்துகொள்வதைவிட ரப்பர் பேண்ட் மேல் என்று சொன்னேன். சிமிழைச் சின்னத் துணிப்பையில் போட்டு, அதன் கயிற்றைக் கழுத்தில் மாட்டி, பையைச் சட்டைப் பைக்குள் இறக்கிவிட்டால் நான் தயார்.

நோயாளிகளின் வீடுகளுக்கு நற்கருணையை, அதாவது பூசையில் அர்ச்சித்த அந்த ஓஸ்திகளை, கொண்டுபோகும் இந்த வேலைக்கு நான் வந்து நான்கு வருடம் ஆகிறது. விரும்பி வரவில்லை. பிழைப்புக்குக் கணக்கு எழுதுகிறவன் நான்; பக்தி விஷயத்தில் பின்வரிசை ஆள். ஃபாதர் கேட்டபோது வேறு யாரையாவது பாருங்கள் என்றேன். "உங்களுக்கு எண்ணத் தெரியும், பேச்சும் கம்மி. இதற்கு இரண்டும் வேண்டும்" என்றார். பாராட்டா கிண்டலா என்று புரியாமலே தலையை ஆட்டிவிட்டேன்.

குருக்கள் அல்லாத பொதுநிலையினர் கையால் நன்மை, அதாவது நற்கருணை, கொடுப்பதெல்லாம் புதுப் பழக்கம் என்று முணுமுணுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்கான பொது அனுமதி 1973-இல்தான் வந்தது, அது உண்மை. ஆனால் பூசையிலிருந்து நற்கருணையை வீட்டுக்குக் கொண்டுபோவது அப்படிப் புதியது இல்லை. கி.பி. 155 வாக்கில் யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ அறிஞர் ரோமப் பேரரசருக்குக் கிறிஸ்தவர்களைப் பற்றி ஒரு விளக்கம் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை கூடுகிறோம், வாசிக்கிறோம், அப்பத்துக்கும் இரசத்துக்கும் நன்றி செலுத்திப் பகிர்கிறோம், வர முடியாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் கொண்டுபோகிறார்கள் என்று அதில் இருக்கிறது. கூட்டம் நடந்த விதத்தைச் சொல்லும்போதே வராதவர்களையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அப்புறம் தர்சீசியுஸ். நற்கருணையைக் கொண்டுபோகும் வழியில் மறித்தவர்களிடம் அதைக் கொடுக்க மறுத்து அடிபட்டுச் செத்தவர். நான்காம் நூற்றாண்டில் திருத்தந்தை தமாசுஸ் அவரைப் பற்றி எழுதிய பாடல் இருக்கிறது. என்னை இதுவரை யாரும் மறித்ததில்லை, நாய்களைத் தவிர.

வீடுகளில் நடப்பது பத்து நிமிடச் சமாச்சாரம். ஒரு மேசை, மேலே வெள்ளைத் துணி, ஒரு சிலுவை, ஒரு மெழுகுவர்த்தி. அமைதியை வாழ்த்தாகச் சொல்லி உள்ளே போகிறோம். பாவ மன்னிப்புச் செபம், ஒரு சின்ன வாசகம், கர்த்தர் கற்பித்த செபம், அப்புறம் நன்மை. புத்தகத்தில் இவ்வளவுதான். வீட்டுக்குள் போனால் அது வேறு மாதிரி. முதல் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். என்னைப் பார்த்ததும் சத்தத்தை மட்டும் குறைப்பார்கள், படம் ஓடும். இரண்டாவது வீட்டில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார். பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று என்னிடம் ஒப்பிக்கச் சொல்வார். அவருக்குப் பயந்தே நான் இப்போது பிரசங்கம் கேட்கிறேன்.

மூன்றாவது வீட்டில் பக்கவாதம் வந்த ஒருவர். விழுங்குவது சிரமம். ஓஸ்தியை நகத்தளவுக்கு உடைத்து நாக்கில் வைத்து, மனைவி ஒரு கரண்டி தண்ணீர் கொடுப்பார். அப்புறம் நாங்கள் மூவரும் காத்திருப்போம். தொண்டைக் குழி ஒருமுறை ஏறி இறங்க வேண்டும். சில வாரம் உடனே இறங்கும். சில வாரம் கண்ணில் தண்ணீர் முட்ட, கழுத்து நரம்பு புடைக்க, நான்கைந்து முறை முயல்வார். மனைவி அவர் தாடையைக் கீழிருந்து மெல்லத் தடவுவார், குழந்தைக்கு மருந்து கொடுத்ததும் தடவுவதுபோல. இறங்கியதும் என்னைப் பார்ப்பார். "ஆமென்" அப்போதுதான் வரும், விழுங்கிய பிறகு. முறைப்படி முன்னால் வர வேண்டிய சொல் அது. நான் திருத்துவதில்லை.

மீதி ஓஸ்தியை அவர் மனைவி வாங்கிக்கொள்வார். நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்களுக்கும், நன்மைக்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்ற உபவாசச் சட்டம் கிடையாது. "இப்போதுதானே சாப்பிட்டேன்" என்று அந்த அம்மா முதலில் தயங்கினார். சட்டத்திலேயே உங்களுக்கு விலக்கு இருக்கிறது என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கவனித்துக்கொள்கிறவர்களையும் யாரோ கவனித்து ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள்.

உபவாசம் என்றதும் என் ஆச்சி ஞாபகம் வருகிறது. ஆச்சி காலத்தில் நள்ளிரவு தாண்டினால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகக் கூடாது. வாய் கொப்பளித்தபோது கொஞ்சம் இறங்கிவிட்டதோ என்ற சந்தேகத்தில், பூசை கண்டுவிட்டு நன்மை வாங்காமலே திரும்பிய நாட்கள் உண்டு என்பாள். 1953-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் தண்ணீர் உபவாசத்தை முறிக்காது என்றார். 1957-இல் நள்ளிரவு போய் மூன்று மணி நேரம் ஆனது. 1964-இல் ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாக்கினார். ஆச்சிக்கு எல்லாம் தெரியும், எதையும் கண்டுகொள்ளவில்லை. சாகும்வரை அவளுக்கு நள்ளிரவுதான் கணக்கு. "அவரு மாத்திக்கிட்டாரு, நான் எதுக்கு மாத்தணும்?" என்பாள், திருத்தந்தையைப் பக்கத்து வீட்டுக்காரரைப்போல. விசுவாசம் என்பது மனதுக்குள் இருக்கும் சமாச்சாரம் என்று நான் நினைத்திருந்தேன். ஆச்சிக்கு அது தொண்டையில் இருந்தது.

என் புதுநன்மை, அதாவது முதல்முறை நன்மை வாங்கியது, அவ்வளவு பக்தியாக நடக்கவில்லை. ஒரு வாரம் முன்பிருந்தே ஒத்திகை, வசீகரம் செய்யப்படாத, அதாவது பூசையில் அர்ச்சிக்கப்படாத, ஓஸ்திகளை வைத்து. சிஸ்டர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: பல்லில் படக் கூடாது. அதற்கான காரணத்தை என் வகுப்புப் பையன் ஒருவன் கண்டுபிடித்துச் சொன்னான்: கடித்தால் இரத்தம் வரும். புதுநன்மையன்று ஓஸ்தி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாக்கால் நெம்பி நெம்பி, பயத்தில் வியர்த்து, ஆண்டவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் வீடு வந்தேன். மூன்றாவது வாரம் வேண்டுமென்றே கடித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்கு வந்தது ஏமாற்றமா நிம்மதியா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னபோது தட்டிக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "வாங்கி உண்ணுங்கள் என்றுதானே சொன்னார்? உண்பதில் மெல்லுவதும் உண்டு" என்றார் சாமியார். யோவான் ஆறாம் அதிகாரத்தின் கிரேக்க மூலத்தில், என் சதையை உண்கிறவன் என்று இயேசு சொல்லும் இடத்தில் 'மெல்லுதல்' என்ற பொருளுள்ள வினைச்சொல்லே வருகிறது என்பதை வெகு காலம் கழித்துப் படித்தேன். அதைக் கேட்டுத்தான் சீடர்களில் பலர் எழுந்து போனார்கள். போனவர்களைக் கூப்பிட்டு, நான் உவமையாகச் சொன்னேன் என்று அவர் சமாளிக்கவில்லை. மீதிப் பேரிடம், நீங்களும் போகப் போகிறீர்களா என்று கேட்டார்.

திருச்சபை சொல்வதும் அப்படிச் சமாளிக்காத பேச்சுதான். நடுப்பூசையில் குரு "இது என் உடல்" என்று சொன்ன பிறகு, பீடத்தில் இருப்பது அப்பம் அல்ல. நிறம், ருசி, எடை எல்லாம் கோதுமை அப்பத்துடையவை. அது எதுவாக இருக்கிறதோ அது மட்டும் மாறிவிட்டது. 1215-இல் லாத்தரன் பொதுச்சங்கம் இதற்கு 'பொருள்மாற்றம்' என்ற சொல்லைப் பயன்படுத்தியது, 1551-இல் திரெந்து பொதுச்சங்கம் அந்தச் சொல்லை உறுதி செய்தது. இது எப்படி என்று கேட்டால் எனக்குப் புரியாது. தொழில் புத்தியில் ஒரு உதாரணம் யோசித்து வைத்திருந்தேன்: பத்திரம் பதிந்ததும் வீடு வேறொருவருடையது ஆகிவிடுகிறது, ஒரு செங்கல்கூட அசையவில்லை. ஃபாதரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "பத்திரத்தில் மாறுவது உரிமை. வீடு வீடாகவேதான் இருக்கிறது. இங்கே வீடே மாறுகிறது" என்றார். உதாரணத்தைக் கைவிட்டேன். ஆனால் ஒன்று தெரியும். நான்கு வருடத்தில் ஒருமுறைகூட அந்தச் சிமிழை நாற்காலியிலோ வண்டியின் இருக்கையிலோ என் கை வைத்ததில்லை. என் மண்டை இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிற விஷயத்தைக் கை எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது.

சரி, நான் எழுத வந்தது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

ஐந்தாவது வீட்டில் ஒரு பெரியம்மா. எண்பதைத் தாண்டியவர், இதய நோயாளி. எனக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தலையில் முக்காடு போட்டுத் தயாராக உட்கார்ந்திருப்பார். அன்றைக்குக் கதவில் பூட்டு. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, ராத்திரி மூச்சுத்திணறல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார். எந்த ஆஸ்பத்திரி என்று அவருக்குத் தெரியவில்லை. மகனுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை.

சிமிழில் ஒன்று மீந்தது.

மீந்தால் நேராகப் பேழைக்குத் திரும்பக் கொண்டு வர வேண்டும் என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்டது. நானே உட்கொண்டுவிடலாமே என்றால், காலைப் பூசையில் ஏற்கெனவே நன்மை வாங்கியாயிற்று. அதே நாளில் இரண்டாவது முறை வாங்குவது இன்னொரு பூசையில் பங்கெடுக்கும்போதுதான். போதாததற்கு நான்காவது வீட்டில் வற்புறுத்திக் கொடுத்த டீயும் பிஸ்கட்டும் வயிற்றில். வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்திருப்பதோ திருச்சபைச் சட்டத்தில் தெளிவாகவே கூடாது. ஆக, கோயில்தான்.

கோயிலும் பூட்டியிருந்தது. ஃபாதர் கிளைப் பங்கில் பூசை வைக்கப் போயிருந்தார். சாவி, கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம். அவர் ஒரு கல்யாணத்தில். போனில் மேளச் சத்தத்துக்கு நடுவே, "ஒரு மணி நேரத்துல வந்துடுறேன், அங்கேயே இருங்க" என்றார்.

அங்கேயே இருந்தேன். படிக்கட்டில் நிழல் விழுகிற பக்கமாக உட்கார்ந்தேன். வழக்கமாக இப்படிக் காத்திருக்க நேர்ந்தால் போனை எடுப்பேன். கை போகவும் செய்தது. பாதியில் நின்றுவிட்டது. பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது போனை நோண்டுவது மரியாதையில்லை என்று என் பிள்ளைகளைத் திட்டுகிறவன் நான்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நற்கருணை ஆராதனைக்கு நான் லாயக்கில்லாதவன். ஓஸ்தியை எல்லாரும் பார்க்க வைக்கும் கதிர்ப்பாத்திரம் வைத்துச் சாம்பிராணிப் புகை எழும்பினால் ஐந்தாவது நிமிடம் கண் சொருகும். மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் திருமணி ஆராதனையில் தூணோரமாக உட்காருவேன், சாய்ந்துகொள்ள. அன்றைக்குத் தூண் இல்லை, புகை இல்லை, பாட்டு இல்லை. ரப்பர் பேண்ட் போட்ட சிமிழும் நானும்.

பையன்கள் பந்து எடுக்க வந்து போனார்கள். தெரிந்தவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, தன் மகனுடைய வேலை விஷயமாகப் பேச ஆரம்பித்தார். நான் என்னை அறியாமல் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பேச்சை நிறுத்திவிட்டு, "என்ன, நெஞ்சு வலிக்குதா?" என்றார் பதறிப்போய். இல்லை என்று சொல்லி, உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னேன். அவரும் கத்தோலிக்கர்தான். வண்டியிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றி, தார் ரோட்டிலேயே ஒரு கணம் முழந்தாள்படியிட்டு எழுந்து, ஒன்றும் பேசாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் போய் அப்புறம்தான் கிளப்பினார். அந்த மனிதரைப் பற்றி எனக்கு அதுவரை அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை.

நிழல் நகர்ந்தது, நானும் நகர்ந்தேன். வேறு வழி தெரியாமல், பெரியம்மா வீட்டில் சொல்ல வேண்டிய செபங்களை மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன், அவர் எதிரே உட்கார்ந்திருப்பதுபோல. நன்மைக்கு முன்னால் எல்லாரும் சொல்வோமே, ஆண்டவரே, நீர் என் இல்லத்தில் எழுந்தருளி வர நான் தகுதியற்றவன், ஒரு வார்த்தை மட்டும் சொல்லியருளும், என் ஆன்மா நலமடையும் என்று, அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். அது ஒரு நூற்றுவர் தலைவனுடைய வார்த்தை, மத்தேயு எட்டாம் அதிகாரம் என்பதெல்லாம் தெரியும். ஆனால் அந்த ஆள் தனக்காகக் கேட்கவில்லை. அவனுடைய வேலைக்காரன் வீட்டில் முடக்குவாதத்தில் கிடக்கிறான். எழுந்து வர முடியாத ஒருவனுக்காக, நடமாட முடிந்த ஒருவன் வந்து தெருவில் நின்று கேட்கிறான். 'என் ஊழியன்' என்ற இடத்தில் 'என் ஆன்மா' என்று வைத்துப் பூசையில் நாம் அதை நமக்காக வாங்கிக்கொண்டோம். மூலத்தில் அது வீட்டோடு கிடக்கிற நோயாளிக்கான செபம். யாருக்கு வாரா வாரம் நான் நன்மை கொண்டுபோகிறேனோ, அவர்களுக்கானது.

அதுவும் இயேசு அந்த வீட்டுக்குப் போகவில்லை. வருகிறேன் என்றார். வர வேண்டாம், சொன்னால் போதும் என்று அவன் நிறுத்திவிட்டான். நானும் அன்றைக்கு எந்த ஆஸ்பத்திரி என்றுகூடத் தெரியாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். பெரியம்மாவின் பெயரைச் சொன்னேன். 'என் ஆன்மா' என்று வரும் இடத்தில் அவர் பெயர். திரும்பவும் சொன்னேன். அதற்குமேல் எனக்குச் செபம் வரவில்லை. தூக்கமும் வரவில்லை.

கோயில்பிள்ளை பட்டு வேட்டியோடு வந்து இறங்கினார். "ரொம்ப நேரம் ஆயிடுச்சா? பந்தியில உட்கார வச்சுட்டாங்க" என்றார். பக்கவாசலைத் திறந்தார். பேழைக்குள் மீந்ததை வைத்துவிட்டு, சிமிழில் ஒட்டியிருந்த துகளுக்காகக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சுழற்றிக் குடித்தேன். துடைத்து வைத்தேன்.

மகன் சாயங்காலம் கூப்பிட்டார். ஃபாதர் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போய், நோயாளிகளுக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில் பூசுதல் கொடுத்தார். பெரியம்மாவுக்கு ஓஸ்தித் துண்டு இறங்காது என்று தெரிந்ததால், மறுநாள் காலைப் பூசையில் வசீகரம் செய்த இரசத்தை ஒரு மூடிய சின்னப் பாத்திரத்தில் கொண்டுபோனார். திட உணவு விழுங்க முடியாதவர்களுக்கு இரசம் மட்டும் கொடுக்கலாம். எந்த வடிவத்தில் வாங்கினாலும் முழுக் கிறிஸ்துவையே வாங்குகிறோம் என்பது படிப்பினை. கரண்டி நுனியில் இரண்டு சொட்டு. சாகும் தறுவாயில் கொடுக்கும் நன்மைக்கு வழியுணவு என்று பெயர், பயணத்துக்குக் கட்டிக் கொடுக்கும் சோறுபோல. முக்காடு வேண்டும் என்று பெரியம்மா கையால் சாடை காட்டினாராம். நர்ஸ் ஒரு துண்டை எடுத்துத் தலையில் போட்டுவிட்டாராம்.

புதன்கிழமை இறந்துபோனார்.

அடுத்த ஞாயிறு சக்கிறீஸ்துக்குள் போய் நின்றேன். ஃபாதர் பேழையைத் திறந்துகொண்டே, "இன்றைக்கு எத்தனை?" என்றார். ஆறு என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஐந்து என்றேன்.